ஆங்கிலத் தேர்வில் உவமையும் உருவகமும்: ஒரு கேள்வியின் வரலாறு

புயல் ஓய்ந்த காலையில் அந்த வீடு பல் போன கிழவனைப் போல நின்றது என்று எழுதினால் அது சிமிலி, அதாவது உவமை. அந்த வீடு ஒரு பல் போன கிழவன் என்றால் மெட்டஃபர், உருவகம். வீடு தன் பொக்கை வாயை மூட முடியாமல் தெருவைப் பார்த்து விழித்தது என்றால் பெர்சானிஃபிகேஷன். உயிரில்லாத ஒன்றுக்கு ஆளின் செயலையும் உணர்வையும் ஏற்றிச் சொல்லும் இதைத் தமிழில் மனிதப் பண்பேற்றம் என்பர். ஆங்கிலப் பாடம் படிக்கும் மாணவர் இம்மூன்றையும் நடுநிலைப் பள்ளியிலேயே சந்தித்துவிடுகிறார். தேர்வு அவரிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். இந்த வரியில் உள்ள அணி எது என்பது ஒரு கேள்வி. அந்த அணி இங்கே என்ன செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்கு ஒரு சொல் போதும். சரியா தவறா என்று கண நேரத்தில் திருத்திவிடலாம். பின்னதற்கு ஒரு பத்தியாவது வேண்டும். திருத்துபவரும் அந்த வரியை நிதானமாகப் படித்திருக்க வேண்டும். ஆங்கில இலக்கியக் கல்வியின் பழைய பக்கங்களைப் புரட்டினால், தேர்வு எப்போதும் முதல் கேள்வியின் பக்கமே சாய்ந்துவந்திருப்பதும், ஆசிரியர்கள் அதை இரண்டாவதன் பக்கம் இழுக்க மீண்டும் மீண்டும் முயன்றிருப்பதும் தெரியும்.

இந்த அணிப் பெயர்கள் கிரேக்கத்திலும் ரோமிலும் தோன்றியபோது தேர்வு என்ற ஒன்று அவற்றுக்குப் பின்னால் இருக்கவில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் உருவகத்தை, ஒன்றுக்கு உரிய பெயரை வேறொன்றுக்குப் பெயர்த்து வைப்பது என்று வரையறுத்தார். ‘பேச்சுக்கலை’யின் மூன்றாம் பகுதியில் உவமையும் ஒருவகை உருவகமே என்றார். வீரன் அக்கிலீஸைச் சிங்கம் என்றால் உருவகம், சிங்கம்போல் பாய்ந்தான் என்றால் உவமை. இடையில் இருப்பது ஒரே ஒரு சொல். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ரோமில் அரசு ஊதியம் பெற்றுப் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், 12 பகுதிகள் கொண்ட தம் நூலில் இதைத் தலைகீழாக்கி, உருவகம் என்பது சுருங்கிய உவமை என்றார். ‘போல’ என்ற பொருளுடைய சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து உவமையையும் உருவகத்தையும் பிரிக்கும் இன்றைய வகுப்பறைப் பழக்கத்தின் வேர் இந்தப் பழைய விவாதத்தில்தான் இருக்கிறது.

குவின்டிலியன் இன்னொன்றும் சொன்னார். உயிருள்ளதற்கு உயிருள்ளது, உயிரற்றதற்கு உயிரற்றது, உயிருள்ளதற்கு உயிரற்றது, உயிரற்றதற்கு உயிருள்ளது என்று உருவகம் நான்கு வகைப்படும். இவற்றுள் உயிரற்றதற்கு உயிரூட்டும் வகையே மனத்தை மிக உயரத் தூக்குவது என்றார். அதாவது மனிதப் பண்பேற்றம் அவருக்கு உருவகத்துக்குள் ஒரு கிளை. இன்றைய மாணவர்கள் ஒரே வரியை ஒருவர் உருவகம் என்றும் மற்றவர் பண்பேற்றம் என்றும் எழுதித் தடுமாறுவதற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு மட்டுமன்று. இரண்டும் ஒரே குடும்பம். பாடநூல்கள் தனித்தனி அறைகளில் அடைத்துவிட்டன.

இங்கிலாந்தில் அணிப் பயிற்சி உச்சத்தைத் தொட்டது 16-ஆம் நூற்றாண்டின் கிராமர் பள்ளிகளில். அங்கே படித்தது லத்தீன்; ஆங்கில இலக்கியம் என்று ஒரு பாடமே கிடையாது. ஆயினும் அணியோடு பழகும் முறையில் அந்தப் பள்ளிகளிடம் ஒரு முழுமை இருந்தது. எராஸ்மஸ் 1512-இல் வெளியிட்டு, லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளிக்கென அதன் நிறுவனர் ஜான் காலெட்டுக்குப் படைத்த ‘டி கோப்பியா’ என்ற நூலில், உன் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே செய்தியை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் சொல்லிக் காட்டினார். சிறுவர்கள் படிக்கும்போது கண்ணில் படும் உவமைகளையும் உருவகங்களையும் குறித்து, தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தங்கள் கட்டுரையில் அதேபோல் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பெயர் தெரிவது படிப்பின் முதல் படி. அந்தப் பெயருக்குரிய ஒன்றைத் தானே ஆக்கிக் காட்டினால்தான் பாடம் முடிந்தது. இறந்தவரையோ நகரத்தையோ பேசவைத்து ஓர் உரை எழுதுவதும் அன்றாடப் பயிற்சிகளுள் ஒன்று. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் புரோசோபோப்பியா, அதாவது பண்பேற்றத்தின் பழைய பெயர். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் சிறுவனாக இருந்த காலத்தில் நிலவியது இந்தப் படிப்பு முறைதான்.

லத்தீனில் இருந்த இந்தச் சரக்கை ஆங்கிலத்தில் இறக்கிவைக்கும் வேலையும் அதே நூற்றாண்டில் தொடங்கியது. ரிச்சர்ட் ஷெரி 1550-இல் அணிகளைப் பற்றிய முதல் ஆங்கில நூலை வெளியிட்டார். ஹென்றி பீச்சம் 1577-இல் ‘நாவன்மைத் தோட்டம்’ என்ற பெயரில் இருநூறுக்கு நெருங்கிய அணிகளைத் தொகுத்தார். ஜார்ஜ் பட்டன்ஹாம் பெயரில் அறியப்படும் 1589-ஆம் ஆண்டு நூல் கிரேக்கப் பெயர்களை அப்படியே விடாமல் ஆங்கிலமாக்கிப் பார்த்தது. உருவகத்துக்கு ‘பெயர்த்துச் செல்லும் அணி’ என்ற பொருளிலும், உயர்வு நவிற்சிக்கு ‘எட்டாததை எட்டுபவன்’ என்ற பொருளிலும் பெயர் வைத்தது. அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. பள்ளிகள் கிரேக்கத்திலேயே நின்றுவிட்டன. நிலைத்திருந்தால் மெட்டஃபர் என்ற சொல்லைப் பொருள் தெரியாமல் உருப்போடும் நிலை ஆங்கிலேயச் சிறுவனுக்கே வந்திருக்காது. தமிழ்ச் சிறுவனுக்கு ‘உருவகம்’ என்ற சொல்லிலேயே உரு தெரிகிறது.

அடுத்த நூற்றாண்டில் அணிகள் மீது ஐயம் எழுந்தது. ராயல் சொசைட்டியின் வரலாற்றை 1667-இல் எழுதிய தாமஸ் ஸ்பிராட், அறிவியல் பேசுபவர்கள் அலங்காரத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கைவினைஞரின் எளிய மொழியில் பேச வேண்டும் என்றார். ஜான் லாக் 1690-ஆம் ஆண்டு தேதியிட்ட தம் பெருநூலில், உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் அணி ஓர் ஏமாற்று என்று கண்டித்தார். மனத்தை எழுதப்படாத வெள்ளைத் தாளாக உருவகித்தவரும் அவரே. அங்கதக் கவிஞர் சாமுவேல் பட்லர் 1663-இல் வெளியான ‘ஹூடிப்ராஸ்’ காவியத்தில் வேறொரு குறையைப் பிடித்தார். அணியிலக்கண விதிகளால் ஒருவன் கற்றுக்கொள்வது தன் கருவிகளின் பெயர்களை மட்டுமே என்பது அவர் குற்றச்சாட்டு. தேர்வுகள் வருவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, பின்னாளில் தேர்வாளர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதப்போகும் புகார் இப்படிப் பதிவாகிவிட்டது.

இன்று ‘அனலைஸ்’ என்று கேள்வித்தாள் சொல்லும் செயல் பிறந்த ஊர் எடின்பரோ. தேவாலய போதகரான ஹியூ பிளேர் அங்கே 1759-இல் இலக்கியச் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். 1762-இல் அரசர் நிறுவிய பேராசிரியப் பதவி அவருக்குக் கிடைத்தது. 1783-இல் அவருடைய 47 சொற்பொழிவுகளும் நூலாக வந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கல்லூரிப் பாடநூலாயின. கிராமர் பள்ளி மாணவனை எழுத்தாளனாக்கப் பார்த்தது. பிளேர் மாணவரை மதிப்பிடத் தெரிந்த வாசகராக்கப் பார்த்தார். ஓர் அணியைக் கண்டதும் இங்கே இது பொருந்துகிறதா, ஒப்புமை மிக நெருங்கிச் சலிக்கிறதா, மிகத் தள்ளிப்போய்ப் புரியாமல் நிற்கிறதா, ஒரே வாக்கியத்தில் இரண்டு உருவகங்கள் மோதிக்கொள்கின்றனவா என்று அவர் கேட்டார். ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய கட்டுரைகளை வகுப்பில் வைத்துக்கொண்டு, நான்கு சொற்பொழிவுகள் முழுவதும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் குணமும் குற்றமும் சொன்னார். இன்று தேர்வுக்கூடத்தில் மாணவர் எழுதும் பகுப்பாய்வுப் பத்திக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இல்லை.

பண்பேற்றத்தை அவர் மூன்று படிகளாக்கினார். உயிரற்ற பொருளுக்கு உயிருள்ளதன் பண்பை அடைமொழியாகத் தருவது முதற்படி. சினம் கொண்ட கடல் என்பதுபோல. அப்பொருள் உயிருள்ளதுபோல் செயல்படுவதாகச் சொல்வது இரண்டாம் படி. அது நம்மோடு பேசுவதாகவோ நாம் சொல்வதைக் கேட்பதாகவோ காட்டுவது மூன்றாம் படி. மூன்றாவதை உணர்ச்சி மிகுந்த இடத்தில் மட்டுமே கையாள வேண்டும், உணர்ச்சி தணிந்ததும் விட்டுவிட வேண்டும் என்று எச்சரித்தார். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு நன்னூல் நினைவுக்கு வருவது இயல்பு. பவணந்தி முனிவர் தம் நூலின் பொதுவியலில், கேட்டல், பேசுதல், நடத்தல், செய்தல் ஆகியவற்றை அஃறிணைப் பொருள்கள் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கை ஒரே நூற்பாவில் அடக்கியிருக்கிறார். பிளேருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டது அது. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருப்பது வியப்புக்குரியது.

பிளேர் காலத்துக் கவிதையில் நம்பிக்கை, பொறாமை, வறுமை எல்லாம் முதலெழுத்துப் பெரிதாக்கப்பட்டு ஆட்களாக உலவின. வேர்ட்ஸ்வொர்த் 1800-இல் தம் கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அந்த வழக்கத்தை விலக்கினார்; மனிதர் பேசும் மொழியில் இப்படிப்பட்ட அருவ ஆட்களுக்கு இயல்பான இடமில்லை என்பது அவர் எண்ணம். ஜான் ரஸ்கின் 1856-இல், துயரத்தில் இருப்பவர் இயற்கையும் தன்னோடு துயருறுவதாகக் காண்பதற்கு ‘பதெட்டிக் ஃபாலஸி’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரும் பின்னாளில் அணிப் பட்டியலில் சேர்ந்தது.

பட்டியல் என்ற வடிவம் இறுகியது அபர்தீன் பல்கலைக்கழகத்தில். அலெக்சாண்டர் பெயின் அங்கே தர்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்பித்தவர், உளவியல் அறிஞர். மனித அறிவு வேலை செய்வது வேற்றுமை காணல், ஒற்றுமை காணல், தொடர்புடையவற்றை நினைவில் நிறுத்தல் என்ற மூன்று ஆற்றல்களால் என்று நம்பினார். 1866-இல் எழுதிய பாடநூலில் அணிகளையும் அப்படியே பிரித்தார். உவமை, உருவகம், பண்பேற்றம் ஆகியவை ஒற்றுமையின் பிள்ளைகள். முரண் அணிகள் வேற்றுமையின் பிள்ளைகள். ஆகுபெயருக்கு இணையானவை தொடர்பின் பிள்ளைகள். மனம் எப்படி இயங்குகிறது என்ற பெரிய கேள்விக்கு அவர் தந்த விடை இது. பின்னால் வந்த பாடநூல்கள் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டு அறைகளை மட்டும் வைத்துக்கொண்டன.

இந்த வரலாறு இந்தியாவுக்குள் நுழையும் இடத்தில் தேர்வும் உடன் நுழைகிறது. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் முழுப் பாடமாவதற்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பள்ளி 1894-இல்தான் வந்தது, கேம்பிரிட்ஜில் டிரைபாஸ் என்ற ஆங்கிலப் பட்டத் தேர்வு 1917-இல். அங்கே கனவான்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் இருந்தன. இங்கே அந்த இடத்தில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் அமர்த்தப்பட்டனர். மெக்காலே 1854-இல் இந்திய சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வுக்கு வகுத்த திட்டத்தில் மொத்தம் 6,875 மதிப்பெண். அதில் ஆங்கில மொழியும் இலக்கியமும் வரலாறும் சேர்ந்து 1,500. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. பதவிக்குப் போகும் வழி எந்த மொழியின் வழியாகப் போகிறது என்பதை எண்களே சொல்லிவிட்டன.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் நிறுவப்பட்டன. அவை வகுப்பு நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பித்ததைத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தன. எங்கோ உள்ள ஒரு கல்லூரி மாணவரின் விடையை அவரைப் பார்த்தே இராத ஒருவர் திருத்த வேண்டும். அத்தகைய ஏற்பாட்டில், எல்லோரும் ஒரே விடை எழுதக்கூடிய கேள்விக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. சொற்பொருள் எழுதுதல், வேறு சொற்களில் விரித்தெழுதுதல், இடஞ்சுட்டிப் பொருள் விளக்குதல், அணியின் பெயர் குறித்தல் ஆகியவை அப்படி வேரூன்றியவை. இவற்றுள் இடஞ்சுட்டி விளக்கும் கேள்வி இங்கிலாந்தில் மங்கிய பின்னும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் உயிரோடிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்றவர். அவர் பின்னாளில் ஏடு தேடி அச்சிட்ட நூல்களுள் வீரசோழியம் ஒன்று; 1881-இல் வெளிவந்த அந்நூல் தண்டியின் வழியில் அணிகளைத் தமிழில் சொல்லும் அலங்காரப் பகுதியை உடையது. 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பையும் கொண்டுவந்தார். ஆங்கிலக் கேள்வித்தாள் எழுதித் தேறிய முதல் தலைமுறையின் கையாலேயே தமிழ் அணியிலக்கணம் அச்சுக்கு வந்தது. இரண்டும் ஒரே மூளையில் இருந்தும் இரண்டு வகுப்பறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஆங்கில ஆசிரியருக்கு அந்த உரையாடலுக்கான தேவை எழவில்லை; கேள்வித்தாள் அதைக் கேட்கவும் இல்லை.

தேர்வோடு நோட்ஸ் வந்தது. கவிதைத் தொகுப்புக்கு வெளிவரும் உரைநூல்கள் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அணியின் பெயரை அச்சிட்டுக் கொடுத்தன. மாணவர் கவிதையைப் படிக்காமலேயே அணியைப் படிக்கலாம். வைஸ்ராய் கர்சன் அமைத்த 1902-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆணையம் இந்தியக் கல்வியின் தலையாய தீமை என்று குறிப்பிட்டது இதைத்தான்: தேர்வு கற்பித்தலுக்குப் பணியாற்றாமல், கற்பித்தல் தேர்வுக்குப் பணியாற்றுகிறது. ஆணையத்தின் அறிக்கையால் சட்டம் மாறியது, நோட்ஸ் மாறவில்லை.

இலக்கண நூல்கள் இதற்கு நிலையான வடிவம் தந்தன. வடமேற்கு மாகாணத்தின் கல்வித்துறையில் இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்ட் 1890-களில் எழுதிய இலக்கண வரிசை இந்தியப் பள்ளிகளெங்கும் பரவியது. அதன் இடத்தை 1930-களில் பி. சி. ரென்னும் எச். மார்ட்டினும் எழுதிய நூல் பிடித்தது. ரென் பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவரும் அவரே. ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்று இன்றும் தமிழ் வீடுகளில் பெயர் சொல்லப்படும் அந்நூலின் அணி இயலைத் திறந்தால், ஒற்றுமையை அடிப்படையாகக் கொண்டவை, முரணை அடிப்படையாகக் கொண்டவை, தொடர்பை அடிப்படையாகக் கொண்டவை என்ற பிரிவுகள் முதற்பக்கத்திலேயே நிற்கும். அபர்தீன் பேராசிரியரின் உளவியல் கோட்பாடு பெயர் இழந்து, காரணம் இழந்து, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மனப்பாடப் பகுதியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு வரையறை, சில எடுத்துக்காட்டுகள், இறுதியில் கீழ்வரும் வரிகளில் உள்ள அணிகளின் பெயரைக் கூறுக என்ற பயிற்சி. அந்தப் பயிற்சி வாசகத்தில் ‘பெயர்’ என்ற சொல்தான் நடுநாயகம். அது என்ன செய்கிறது என்று எங்கும் கேட்கப்படவில்லை.

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் நேர் எதிரான ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். கவிதைகளை ஆசிரியர் பெயரும் தலைப்பும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைச் சேகரித்தார். 1929-இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்று வெளிவந்த நூலில் 13 கவிதைகளும் அவற்றுக்கு வந்த விடைகளும் இருக்கின்றன. பெயரும் நோட்ஸும் கைவிட்ட நிலையில், நன்றாகப் படித்த இளைஞர்களே கவிதையின் நேர்ப்பொருளைத் தவறவிட்டார்கள். தங்கள் சொந்த நினைவுகளைக் கவிதைமேல் போர்த்தினார்கள். பழக்கமான சொல்லைக் கண்டதும் பழக்கமான உணர்ச்சியைக் கொட்டினார்கள். அணிகளைச் சிலர் சொல்லுக்குச் சொல் நேராக எடுத்துக்கொண்டு, இது எப்படி நடக்கும் என்று கவிஞரோடு சண்டை பிடித்தார்கள். இந்தத் தவறுகளை ரிச்சர்ட்ஸ் ஏளனம் செய்யவில்லை. ஒரு மருத்துவர் நோய்க்குறி பார்ப்பதுபோல் வகைப்படுத்தினார். அறியாத கவிதை ஒன்றைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லும் கேள்வி அங்கிருந்து பல்கலைக்கழகத் தேர்வுக்கும், பிறகு பள்ளித் தேர்வுக்கும் இறங்கியது.

1936-இல் வெளிவந்த ‘பேச்சுக்கலையின் தத்துவம்’ என்ற நூலில் ரிச்சர்ட்ஸ் ஒரு குறையைச் சுட்டினார். உருவகத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன: சொல்லப்படும் பொருள், அதைச் சொல்வதற்குக் கொண்டுவந்த பொருள். இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்க ஆங்கிலத்தில் தெளிவான சொற்கள் இல்லாததால் விவாதம் குழம்புகிறது என்று சொல்லி, முன்னதை டெனர் என்றும் பின்னதை வெஹிக்கிள் என்றும் பெயரிட்டார். ஆங்கிலத் திறனாய்வில் இது பெரிய திருப்பமாகக் கொண்டாடப்பட்டது, கொண்டாட்டத்துக்கு உரியதும்தான். தமிழ்ப் பள்ளியில் ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர் உவமேயம், உவமை, பொதுத்தன்மை, உவம உருபு என்று நான்காகப் பிரிப்பது இதே வேலை. தொல்காப்பியத்தின் உவமயியல் அதற்கும் மேலே போய், ஒப்புமை எதன் மேல் நிற்கிறது என்று கேட்டு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளைத் தந்தது. செய்யும் செயல் ஒத்திருக்கிறதா, விளையும் பயன் ஒத்திருக்கிறதா, வடிவம் ஒத்திருக்கிறதா, நிறம் ஒத்திருக்கிறதா என்பவை அவை. தமிழ்ப் பாடவேளையில் கையில் இருந்த இந்தக் கருவியை அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் செல்ல யாரும் சொல்லவில்லை. ஆங்கில வகுப்பில் ‘லைக்’, ‘அஸ்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுவதோடு உவமை முடிந்தது. இந்த இழப்பு சிறியதன்று.

பண்பேற்றத்தில் வேறொரு குழப்பமும் சேர்ந்தது. தமிழ்வழி மாணவருக்கு விளக்கும்போது பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணியோடு சமன் செய்யும் வழக்கம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று கையசைத்துத் தடுப்பதாக வரும் காட்சியில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் இந்தச் சமன்பாடு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் தற்குறிப்பேற்றத்தின் உயிர்நிலை காரணம் ஏற்றுவதில் இருக்கிறது: காற்றில் இயல்பாக ஆடும் கொடிக்குக் கவிஞர் தம் கருத்தில் தோன்றிய ஒரு நோக்கத்தைத் தருகிறார். பண்பேற்றத்துக்குக் காரணம் தேவையில்லை. ஆளின் பண்பு ஏறினால் போதும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ இதற்கு நல்ல சோதனை. 1911-இல் ஒரு பள்ளி வரலாற்று நூலுக்காக எழுதப்பட்ட அக்கவிதையில் இயந்திரங்களே தன்மையில் பேசுகின்றன. அது முழுக்க முழுக்கப் பண்பேற்றம். பிளேரின் கணக்கில் மூன்றாம் படி. தற்குறிப்பேற்றம் அதில் இல்லை. அங்கே பெர்சானிஃபிகேஷன் என்று பெயர் எழுதிய மாணவர், இயந்திரம் ஏன் பேசவைக்கப்படுகிறது, பேசும்போது அதன் குரலில் பணிவு கேட்கிறதா அச்சுறுத்தல் கேட்கிறதா என்ற இடத்தைத் தொடாமலே அடுத்த கேள்விக்குப் போய்விட முடியும்.

இங்கிலாந்தில் 1918-இல் வந்த பள்ளிச் சான்றிதழ், 1951-இல் வந்த ஓ லெவல் ஆகியவற்றைக் கடந்து, 1988-இல் முதன்முறையாக ஜி.சி.எஸ்.இ. தேர்வு நடந்தது. எல்லாத் தர மாணவர்களுக்கும் ஒரே தேர்வு என்பதால், எதற்கு மதிப்பெண் என்பதை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஆங்கில இலக்கியத்துக்கான மதிப்பீட்டு நோக்கங்களுள் இரண்டாவது இன்று சொல்வது இது: எழுத்தாளர் மொழியையும் வடிவத்தையும் கட்டமைப்பையும் கொண்டு பொருளையும் விளைவையும் எப்படி உண்டாக்குகிறார் என்று பகுத்தாராய வேண்டும், பொருத்தமான இடத்தில் துறைச்சொற்களைப் பயன்படுத்த வேண்டும். வாக்கியத்தின் எடை விளைவின் மேல் விழுகிறது. சிமிலி, மெட்டஃபர் போன்ற பெயர்கள் பொருத்தமான இடத்துக்கு உரியவையாகப் பின்னால் நிற்கின்றன. பட்லரின் பழைய புகாருக்கு ஒரு தேர்வு அமைப்பே செவி சாய்த்ததாக இதைக் கொள்ளலாம்.

ஆனால் தேர்வு உள்ள இடத்தில் சூத்திரமும் பிறந்துவிடும். கருத்து, சான்று, விளக்கம் என்ற மூன்று படிகளில் பத்தி எழுதக் கற்பிக்கும் முறை பள்ளிகளெங்கும் பரவியது. தயங்கும் மாணவருக்கு அது ஊன்றுகோல். தொடக்கத்தில் அதனால் பலர் நிமிர்ந்து நடந்தார்கள். நாளடைவில் மூன்றாம் படியும் நோட்ஸ் ஆனது. எழுத்தாளர் உவமையைப் பயன்படுத்துகிறார், இது வாசகரின் மனத்தில் ஒரு படத்தை உருவாக்குகிறது, இது வாசகரை மேலும் படிக்கத் தூண்டுகிறது. எந்தக் கவிதைக்கும் எந்த வரிக்கும் ஒட்டிக்கொள்ளும் இந்த வாக்கியங்கள் விளக்கம் என்ற பெயரில் விடைத்தாள்களை நிரப்பின. இதற்குத் தேர்வாளர்கள் வைத்த பெயர் ‘ஃபீச்சர் ஸ்பாட்டிங்’, உறுப்புகளைச் சுட்டிவிட்டு நகர்தல். தேர்வாளர் அறிக்கைகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவருகிறது.

ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியம் 2017-இல் புதிய வடிவில் நடத்திய ஜி.சி.எஸ்.இ. ஆங்கில மொழித் தேர்வின் முதல் தாளில், இரண்டாம் கேள்விக்கு 8 மதிப்பெண். கதைப் பகுதியில் சில வரிகளைத் தந்து, எழுத்தாளர் இதை வருணிக்க மொழியை எப்படிக் கையாள்கிறார் என்று கேட்கிறது. சொற்கள், மொழி அணிகள், வாக்கிய வடிவங்கள் ஆகியவற்றைக் கவனிக்கலாம் என்று கீழே குறிப்பு. மதிப்பெண் நான்கு தளங்களாகப் பிரிக்கப்படுகிறது: எளிய கருத்துக்கு 1 முதல் 2, விளைவைச் சொல்ல முயன்றதற்கு 3 முதல் 4, தெளிவான விளக்கத்துக்கு 5 முதல் 6, நுட்பமான பகுப்பாய்வுக்கு 7 முதல் 8.

புயலுக்குப் பிந்திய வீட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தளங்களின் வேறுபாடு துலங்கும். ‘பல் போன கிழவனைப் போல’ என்பது உவமை என்றும் அது படம்போல் இருக்கிறது என்றும் எழுதியவர் முதல் தளத்தில் நிற்கிறார். வீடு சேதமடைந்து பழையதாகத் தெரிவதை இந்த உவமை காட்டுகிறது என்றவர் இரண்டாம் தளத்தைத் தொட்டுவிட்டார். வீடு உவமேயம், கிழவன் உவமை; கதவும் சன்னலும் பெயர்ந்துபோன ஓட்டைகள் பல் விழுந்த ஈறுபோல் இருப்பதால் ஒப்புமை வடிவத்தின் மேல் நிற்கிறது; புயல் செய்த சேதத்தை முதுமை செய்த சேதமாக எழுத்தாளர் மாற்றுகிறார் என்று எழுதினால் அது மூன்றாம் தளம். பல் போவது ஒரே இரவில் நடப்பதில்லை, பல ஆண்டுகளில் நடப்பது. ஓர் இரவு வீட்டின் மேல் அத்தனை ஆண்டுகளையும் ஏற்றிவிட்டது என்ற அதிர்ச்சி அந்த ஒப்புமைக்குள் மறைந்திருக்கிறது. ‘நின்றது’ என்ற முற்றைக் கவனித்தால், வீடு விழவில்லை. கிழவனின் பிடிவாதம் அதில் மிச்சமிருக்கிறது. ஆகவே வாசகரிடம் எழுவது இரக்கம் மட்டுமன்று, மரியாதையும்தான். இவ்வளவையும் சொன்ன விடைக்கு 7 அல்லது 8 கிடைக்கும், சிமிலி என்ற சொல் அதில் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும்.